நம் மக்களுக்கு எப்பள்ளி?



வைகாசி மாதம் பிறந்துவிட்டால் நம் குத்துக்கல்வலசையில் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் பேச்சு ஒன்றே. பிள்ளையை எங்கே சேர்ப்பது? சர்க்கார் பள்ளியிலா, சர்க்காரின் உதவித்தொகை பெற்றுச் சங்கத்தாரும் சபையாரும் நடத்தும் பள்ளியிலா, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளியிலா? போதாக்குறைக்கு, கடல் கடந்து வாழும் நம் உறவினர் சிலர் வாயிலாகப் புதிய பேச்சொன்றும் புகுந்திருக்கிறது. பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தால் என்ன என்பதே அது. அமெரிக்காவில் அவ்வாறு கற்பிப்போர் பலர் உண்டென்றும், அங்கே சர்க்கார் பணத்தில் தனியார் குழுவினர் நடத்தும் ‘சாசனப் பள்ளி’ என்பதொரு புதுவகை தோன்றி வளர்ந்திருக்கிறதென்றும் அவர்கள் சொல்லுகிறார்கள்.

புதுவகை என்று அவர்கள் கூறுவதைக் கேட்டபோது எனக்குச் சிறிது நகைப்பு வந்தது. சாசனப் பள்ளிக்கான சட்டம் அந்நாட்டில் முதன்முதலாக மினசோட்டா மாநிலத்தில் 1991ஆம் வருஷந்தான் ஏற்பட்டது. பொதுப்பணத்தை வாங்கித் தனிக்குழு நடத்தும் பள்ளி நம் ஜில்லாவிற்கு ஒன்றரை நூற்றாண்டுப் பழமை. வீட்டில் கற்பிப்பதோ அதனினும் பழையது. இவ்வகைகள் ஒவ்வொன்றும் நம் முன்னோரை எவ்வாறு நடத்தின, எதில் அவர்கள் ஏற முடிந்தது, எதில் படிக்கட்டிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதை அறிந்துகொண்டால், இன்றைய பெற்றோர் தமக்குரிய முடிவைத் தாமே எளிதிற் செய்துகொள்வர். அது கருதியே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

முதலில் திண்ணைப் பள்ளி. அண்ணாவி என்றும் வாத்தியார் என்றும் அழைக்கப்பெற்ற ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ, சாவடியிலோ, மரத்தடியிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பிப்பார். விஜயதசமியன்று ஏடு தொடங்கி, மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று பாடம் ஏறிச் செல்லும். சற்று முதிர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் ஒருவரே பல படிப் பிள்ளைகளையும் சமாளிக்க இவ்வேற்பாடு உதவிற்று. கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகளும் அங்கே இருந்தன. அவற்றைப் பெருமையாகப் பேசுவோர் இன்றும் இருப்பது வியப்பே.

சட்டாம்பிள்ளை முறை இங்கேயே நின்றுவிடவில்லை. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதனையும் மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் விடுதியிற் கையாண்டார். 1797ஆம் வருஷம் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே அதைப் பின்பற்றின. திண்ணையில் இருந்த அண்ணாவி இதை அறிந்திருக்கமாட்டார்.

அக்காலத்தில் எத்தனை பேர் படித்தனர்? சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822ஆம் வருஷம் கலெக்டர்கள் அனைவரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். விடைகளையெல்லாம் தொகுத்து 1826ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10ஆம் தேதி குறிப்பு எழுதினார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர், ஜனத்தொகை 1,28,50,941. அதாவது 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தனர். நம் திருநெல்வேலி ஜில்லாவில் மட்டும் 607 பள்ளிகள். மாணாக்கரிற் பெரும்பாலோர் பிராமணர் அல்லாத வகுப்பினர் என்பதும் அக்கணக்கால் விளங்கும். ஆயினும் ‘சூத்திரர்’, ‘மற்றை வகுப்பார்’ என்ற தலைப்புகளின் கீழ் எவரெவர் அடங்கினர் என்பதை அது பிரித்துக் காட்டாது. பெண்மக்கள் தொகையோ மிகச் சிறிது. பனையேறிப் பிழைத்த நம்மவர் பிள்ளைகளுக்கும், நமக்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த வகுப்பாரின் பிள்ளைகளுக்கும் பல ஊர்களில் அந்தத் திண்ணையின் படி ஏற இடமிருந்ததில்லை. பழைய கல்வி அழகிய மரமென்று பாராட்டுவோர் இதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

அதே குறிப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. இன்றைய பேச்சுக்கு அதுவே நேர் உறவு. சென்னை நகரில் பள்ளியிற் படித்தோர் சுமார் 5,500 பேர் என்றும், வீட்டிலேயே கற்றோர் 26,963 பேர் என்றும் கலெக்டர் எழுதியிருந்தார். பள்ளியைப்போல் ஐந்து மடங்கு வீட்டில்! இத்தொகை பிழையாயிருக்கலாமென்று மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினராலும் சம்பளத்திற்கு அமர்த்திய ஆசிரியராலும் வீட்டிற் கற்பிக்கப்படுவது எங்கும் வழக்கத்தில் இருந்ததென ஒப்புக்கொண்டு, வீட்டில் கற்போரையும் கூட்டினால் ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவரில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோவொரு கல்வி பெற்றனர் என்று மதித்தார்.

ஆகவே வீட்டுக்கல்வி அமெரிக்கப் பண்டமன்று. ஆனால் அது எவ்வீட்டில் நடந்தது? தந்தையோ பாட்டனோ எழுத்தறிந்த வீட்டில், கணக்குப்பிள்ளை வீட்டில், வாத்தியாருக்கு மாதம் தவறாது பணம் கொடுக்கக்கூடிய வீட்டில். மூன்று தலைமுறையாக எழுத்தாணி புகாத குடிசையில் வீட்டுக்கல்வி என்றால் பாளை அரிவாள் தீட்டக் கற்பது என்றே பொருள். இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் ஒரு பெரிய வழக்கிற்கு இது தேவைப்படும்.

மன்றோ சர்க்கார் செலவில் கலெக்டர் கச்சேரிப் பள்ளிகளும் தாசில் பள்ளிகளும் வைக்க ஏற்பாடு செய்தார். அவர் 1827ஆம் வருஷம் காலமானார். அடுத்த பத்தாண்டிற்குள் அத்திட்டமும் கைவிடப்பட்டது. நம் தென்காசிப் பக்கத்தில் ஒரு விந்தை. இங்கிருந்து சில மைல் மேற்கே செங்கோட்டை 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பூமி. அந்த ராஜ்யத்தில் ராணி கௌரி பார்வதி பாய் 1817ஆம் வருஷமே குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் ராஜ்யமே ஏற்க வேண்டுமென உத்தரவிட்டிருந்தார். எழுதிய அனைத்தும் உடனே நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு மலையடிவாரத்தில், ஒரே சாரலில் நனையும் இரண்டு ஊர்களில், ஒன்றில் கல்வி ராஜ்யத்தின் கடமையென்றும் மற்றொன்றில் பெற்றோரின் பாடு என்றும் இரு கொள்கைகள் அருகருகே இருந்தன.

இம்மாகாணத்தில் நம்மவருக்கு முதலிற் கதவு திறந்தவர்கள் பாதிரிமார்களே. இதை ஒளிப்பதால் பயனில்லை. ரேனியஸ் ஐயர் 1820ஆம் வருஷம் பாளையங்கோட்டைக்கு வந்ததுமுதல் திருநெல்வேலிச் சீமையெங்கும் மிஷன் பள்ளிகள் பெருகின. பனங்காட்டுச் சிற்றூர்களிலும் பள்ளி தோன்றிற்று, பெண்களுக்கும் தோன்றிற்று. அதற்கு விலையும் இருந்தது. வேதபாடம் கட்டாயம், சிலருக்கு மதமாற்றமும் அதனோடு வந்தது. கால்டுவெல் ஐயர் 1849ஆம் வருஷம் நம் குலத்தைப் பற்றி எழுதிய நூல் நம்மவரை எத்துணை புண்படுத்திற்று என்பதைப் பெரியோர் அறிவர். அவர் இடையன்குடியில் வைத்த பள்ளிகளால் நம்மவர் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். அவ்வெழுத்தறிவைக் கொண்டே அந்நூலை மறுத்தும் எழுதினர்.

பிள்ளையை அப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அன்றைய தாய் தந்தையர் பட்ட துயரம், இன்று நாம் கட்டணச் சீட்டைப் பார்த்துப் படும் துயரத்திலும் பெரியது.

1854ஆம் வருஷம் லண்டனிலிருந்து ஸர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கட்டளை இவ்விடத்தில் ஒரு திருப்பம். சர்க்கார் தானே எல்லாப் பள்ளிகளையும் நடத்த இயலாது. ஆகவே தனியார் நடத்தும் பள்ளிகளுக்குச் சமய வேறுபாடு பாராமல் உதவித்தொகை கொடுக்கலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதற்கு இசைய வேண்டும். சிறிதளவேனும் கட்டணம் வாங்க வேண்டும். இவையே அதன் சாரம். உதவி பெறும் பள்ளி என்று நாம் இன்றும் அழைப்பது இக்கட்டளையின் வழித்தோன்றல். முதலில் இதனால் பயன்பெற்றவை மிஷன் பள்ளிகள். பிறகு இந்துக்களும் முஸ்லிம்களும் அவ்வழியே நடந்தனர்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலகாலம் ‘பலனுக்கேற்ற உதவி’ என்ற முறை கையாளப்பட்டது. பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினரோ அதற்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம். விளைவு யாவரும் ஊகிக்கக்கூடியதே. மந்தமான பிள்ளை பணமாகாத பிள்ளையாயிற்று. அம்முறை ஒழிந்து நூறாண்டிற்கு மேலாகியும், பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சியென்று சாலையோரம் பலகை வைப்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே சில பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. பலகையைப் படிக்கும் பெற்றோர், அதில் எழுதப்படாத பிள்ளைகளின் தொகையையும் விசாரிக்க வேண்டும்.

இனி நம்மவர் செய்தது. விருதுநகர் உறவின்முறையார் 1880ஆம் ஆண்டுகளிலேயே சத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்தனர். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பேட்டைக்கு வரும் சரக்கின்மேல் வியாபாரிகள் தாமே விதித்துக்கொண்ட மகமை ஒன்று. மற்றொன்று பிடியரிசி. வீட்டில் உலை வைக்குமுன் ஒருபிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இட்டு வைப்பாள் அம்மை. அதை வீடுவீடாகச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். நூல்களில் மகமையைப் பற்றி மிகுதியாகவும் பிடியரிசியைப் பற்றிக் குறைவாகவும் எழுதுகிறார்கள். எனக்கோ பிடியரிசியே பெரிதாகத் தோன்றுகிறது. மகமை கொடுத்தவன் வியாபாரி. அவன் பெயர் கணக்கில் ஏறிற்று. அரிசி எடுத்து வைத்தவள் பள்ளியின் வாயிலையே மிதியாதவள். அவள் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை. மேலும் அப்பள்ளி பிற வகுப்பாரின் பிள்ளைகளுக்கும் திறந்தே இருந்தது. கோவில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த ஒரு குலத்தார், தம் அரிசியால் கட்டிய பள்ளியில் பிறர் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தனர் என்பது சாதாரணச் செய்தியன்று.

1910ஆம் வருஷம் பொறையாறு இரத்தினசாமி நாடார் அவர்கள் முயற்சியால் மகாஜன சங்கம் தோன்றிய பின் கல்விக் கடனுதவியும் பெருகிற்று. கடன் என்பதைக் கவனிக்க. பெற்றவன் சம்பாதித்துத் திருப்பினால் அடுத்தவன் படிப்பான்.

காமராஜர் 1903ஆம் வருஷம் விருதுநகரிற் பிறந்தவர். திண்ணைப் பள்ளியில் எழுத்துத் தொடங்கி, பின்னர் அப்பிடியரிசிப் பள்ளியிற் படித்தார். தந்தையை இழந்த வீடு. ஆகவே ஆரம்ப வகுப்புகளைத் தாண்டியபின் படிப்பு நின்று மாமன் கடைக்குப் போனார். உறவின்முறையார் பள்ளி வைத்தும், கட்டணத் தடையில்லாதிருந்தும், வறுமை அவரைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்தது. சமூகம் எவ்வளவு ஈகை செய்தாலும் எட்டாத எல்லை ஒன்று உண்டென்பது இதனால் விளங்கும்.

முன்னர்ச் சொன்ன பெரிய வழக்கு இங்கே வருகிறது. 1953ஆம் வருஷம் ராஜாஜி அவர்கள் முதன் மந்திரியாயிருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புதியதொரு திட்டம் புகுத்தப்பட்டது. பிள்ளைகள் பாதிநேரம் பள்ளியில் இருப்பர். மறுபாதி நேரம் வீட்டில் தாய் தந்தையரின் தொழிலைக் கற்பர். அதே கட்டிடத்தையும் அதே ஆசிரியரையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது சர்க்கார் சொன்ன காரணம். அதில் கணக்கின்படி நியாயமும் உண்டு. பள்ளிகளும் பணமும் அன்று போதவில்லை என்பது மெய்யே. ஆனால் இத்திட்டத்தை வகுத்தோர் ‘வீடு’ என்று எழுதியபோது எவ்வீட்டை நினைத்தனர்? வக்கீல் மகன் மாலையில் வீட்டிலிருந்தால் புத்தகம் படிப்பான். பனையேறியின் மகன் வீட்டிலிருந்தால் பனையேறுவான். சவரத் தொழிலாளியின் மகன் கத்தி பிடிப்பான். குலக்கல்வித் திட்டமென்று பெயரிட்டுப் பெரியாரும் பிறரும் எதிர்த்தனர். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954ஆம் வருஷம் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதன் மந்திரியானார். அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.

1956ஆம் வருஷம் எட்டயபுரத்தில் காமராஜர் சர்க்கார் மதிய உணவைத் தொடங்கிற்று. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊரூராகச் சென்று மக்களிடமே பணமும் தானியமும் திரட்டினார். பிடியரிசிக் கலயம் ராஜாங்கத்தின் அளவிற்குப் பெரிதாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. 2022ஆம் வருஷம் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024ஆம் வருஷம் கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டப்பட்டதும் இவ்வரிசையிற் சேர்ந்ததே.

நிற்க. வீட்டுக்கல்வி பற்றிய இக்காலச் சட்டநிலை யாது? 2010ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை பள்ளிக்கல்வியைச் சர்க்காரின் கடமையாக்கியது. வீட்டில் கற்பிப்பதற்கு அதில் தனி இடமில்லை, தண்டனையும் சொல்லப்படவில்லை. அவ்வாறு கற்பிப்போர், 1989இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வையோ, தனித்தேர்வராக எழுதும் தேர்வையோ நாடுகிறார்கள். நகரங்களில் படித்த தாய் தந்தையர் சிலர் இதை நன்றாகவே நடத்துகிறார்கள். உடற்குறையாலோ பள்ளியிற் பட்ட கொடுமையாலோ வாடும் பிள்ளைக்கு இது தக்க புகலிடமும் ஆகும். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை.

ஆனால் 2020ஆம் வருஷம் மார்ச்சு முதல் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் கட்டாய வீட்டுக்கல்வியாயிற்றே, அப்போது கண்டதென்ன? ஆரம்ப வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில். அந்த ஒன்றரை ஆண்டிலும் கைப்பேசியும் ஓய்வும் எழுத்தறிந்த தாயும் உள்ள வீட்டுப் பிள்ளை படித்துக்கொண்டே வந்தது. பீடி சுற்றியும் செங்கற்சூளையில் உழைத்தும் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை எழுத்தை மறந்தது. இழந்ததை மீட்கச் சர்க்கார் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலரை வீதிவீதியாக அனுப்ப வேண்டியதாயிற்று. மன்றோவின் கணக்கிலும் ராஜாஜியின் திட்டத்திலும் நாம் கண்ட அதே வேறுபாடு இங்கும் தலைகாட்டிற்று.

கட்டணப் பள்ளிகளைப் பற்றி மிக எழுத வேண்டுவதில்லை. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் ஒருகாலத்தில் சர்வகலாசாலைகளின் பார்வையில் இருந்த சிலவே. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவை மாநிலச் சர்க்காரின் கல்வித்துறைக்கு வந்தபின் ஊர்தோறும் பெருகின. நம்மவரும் பல நடத்துகிறோம். அதிகாலையில் மஞ்சள் வண்டி வந்து நம் தெருமுனையில் நிற்பதைக் காண அழகாகத்தான் இருக்கிறது. 2011ஆம் வருஷம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சமச்சீர்ப் பாடத்திட்டம் நிலைபெற்றபின், பத்தாம் வகுப்புவரை அப்பள்ளியிலும் சர்க்கார் பள்ளியிலும் பாடம் ஒன்றே. ஒரே பாடத்திற்கு ஓரிடத்தில் கட்டணமும் மற்றோரிடத்தில் இலவசமும் என்றால், கட்டணம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது பிழையாகாது. ஆங்கிலப் பேச்சு, நாள்தோறும் வரும் ஆசிரியர், வண்டி, அண்டை வீட்டார் மதிப்பு என்று விடைகள் வரும். இவற்றுள் இரண்டு நியாயமானவை.

இப்பொழுது நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களை நேரே தொடும் செய்தி ஒன்று. 2020ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆறாம் வகுப்புமுதல் பன்னிரண்டாம் வகுப்புவரை சர்க்கார் பள்ளியிற் படித்தோர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 7.5 பங்கு ஒதுக்கப்பட்டது; 2021ஆம் வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. உதவி பெறும் பள்ளியிற் படித்தோர்க்கு அதில் பங்கில்லை. உதவி பெறும் பள்ளிக்கு வருபவரும் ஏழைப் பிள்ளைகளே. பக்கத்து வீட்டுச் சர்க்கார் பள்ளிப் பிள்ளையும் இவர்களும் ஒரே கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள். ஆகையால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் பிள்ளையைச் சர்க்கார் பள்ளிக்கு மாற்றினால் அவர்மேல் குறையில்லை. பெண்பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் உதவித்தொகை 2022இல் சர்க்கார் பள்ளிக்கு மட்டுமென்று தொடங்கி, உதவி பெறும் பள்ளியில் தமிழில் படித்தோர்க்கும் பின்னர் நீட்டப்பட்டது. அதுபோல் இவ்வொதுக்கீட்டையும் நீட்டுமாறு நம் சங்கம் முறையாக விண்ணப்பித்தல் வேண்டும். பணக்காரர் பள்ளிக்காக அல்ல, பிடியரிசியிற் பிறந்த பள்ளிகளுக்காகக் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

சங்கத்தின் கல்வி நிதியை எப்படிச் செலவிடுவது என்பதிலும் என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். கட்டணப் பள்ளியிற் சேர்த்த உறுப்பினர்க்குக் கட்டணத்தில் ஒரு பங்கு உதவவேண்டுமென்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் எழுத்து உண்டு, மின்விளக்கின்கீழ்ப் படிக்க மேசை உண்டு. அவர்கள் பிள்ளை எப்பள்ளியிலும் படித்துவிடும். நிதி முதலிற் சேரவேண்டியது, தன் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளைக்கு. அப்பிள்ளை நம் குலத்ததாயினும் பக்கத்துத் தெருவினதாயினும் வேறுபாடு வேண்டாம். விருதுநகரில் அவ்வேறுபாடு பார்க்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கல்வியுரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு; அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். மன்றோ காலத்திலும் மகமைக் காலத்திலும் தாய்மாருக்குக் கிடைக்காத இடம் அது. ஆசிரியர் வராத நாளையும், தண்ணீர் வராத கழிவறையையும், பாதியில் நின்ற பிள்ளையின் பெயரையும் அங்கே எழுத்தில் எழுப்பலாம். நம் ஊர்ப் பள்ளியில் அக்குழு கூடும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து, உறுப்பினர் அனைவருக்கும் சங்கக் காரியதரிசி முன்கூட்டியே தெரிவிப்பாராக.